நன்றியறிதலும் அறிவிக்க அறிதலும்

பிறர் செய்த உதவியை மறவாமை நன்மக்கள் ஒழுக்கம் என்பது யாவர்க்கும் உடன்பாடு. திருவள்ளுவனார் இதனைச் செய்ந்நன்றியறிதல் என்னும் தனியதிகாரமாக இல்லறவியலின்கண் வைத்தருளினார். அறநூல் கூறும் அளவில், இஃது ஒருவன் பிறரோடு கூடி வாழ்தற்குரிய கடன்களுள் ஒன்றாக நிற்கும். சித்தாந்த சாத்திரங்களைப் பயில்வார்க்கோ இதன்மேலும் ஒரு வினா எழும். நன்றியறிதல் ஒழுக்கம் மாத்திரமோ? அன்றி, உயிர் தன் இயல்பை உள்ளவாறு உணரும் உணர்விலேயே அடங்கியதோர் அறிவோ? கடனாயின், அது செலுத்தித் தீர்ந்தவழித் தீரும். மெய்யுணர்வாயின், உயிர் உள்ள காறும், வீடுபேற்றின்கண்ணும், அது நீங்குதல் இல்லை. இவ்விரண்டனுள் சித்தாந்தத்திற்கு இயைந்தது யாது என்பது ஈண்டு ஆராயப்படும்.

இவ்வாராய்ச்சிக்கு முதற்கண் எதிர்நிற்பது வினைக்கொள்கையைப் பற்றி எழும் ஓர் ஐயமாம். கல்வி, செல்வம், நோயற்ற யாக்கை, நல்லாசிரியன் வாய்த்தல் ஆகிய பேறுகள் யாவும் முன்செய்த நல்வினையின் பயனாக வருவன என்று சைவ நூல்கள் கூறும். அற்றேல், தான் விதைத்ததனைத் தானே அறுப்பவன் பிறர்க்கு நன்றி பாராட்டுவது எற்றுக்கு? உதவி செய்தவனும் தன் வினைப்பயன் வந்தடைதற்கு ஒரு வாயிலாக நின்றானேயன்றி வேறு என் செய்தான்? இவ்வையம் ஏட்டளவில் நிற்பதொன்றன்று. இதனைத் தெளியாதவன், நலம் வாய்த்த காலத்து ‘இஃது என் தவத்தின் பயன்’ என்று செருக்குவான். பிறர் வறுமையுற்ற காலத்து ‘அஃது அவர் வினை’ என்று கைவிடுவான். நன்றியும் இரக்கமும் ஒருங்கே கெடும். ஆதலின் இதற்கு விடை காண்டல் இன்றியமையாததாயிற்று.

இவ்விடை நூலின்கண் வருமுன்னரே, நூல்செய்த ஆசிரியர் ஒருவர் வாழ்க்கையின்கண் வந்துளது. திருத்துறையூரில் வாழ்ந்த சதாசிவ சிவாசாரியார் ஆகமங்கள் அனைத்தையும் கற்றுத் துறைபோயவராகலின் சகலாகம பண்டிதர் எனப்பட்டார். திருப்பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளர்க்கு அவரே குலகுரு. மகப்பேறின்றி வருந்திய அச்சுதகளப்பாளர் அவரை அடைந்து தம் குறையைக் கூற, அவர் திருமுறையிற் கயிறு சாத்திப் பார்த்தருளினார். திருஞானசம்பந்தர் அருளிய திருவெண்காட்டுப் பதிகத்துள், அத்தலத்தை வழிபடுவார் மகப்பேறு முதலிய வரங்களைப் பெறுவர் என்னும் பொருளுடைய திருப்பாட்டு வந்தது. அதன்படி வெண்காடு சென்று நோன்பிருந்து வழிபட்ட பெற்றோர்க்குத் தோன்றிய குழந்தையே சுவேதவனப்பெருமாள். அக்குழந்தை திருவெண்ணெய்நல்லூரில் மாமன் இல்லத்து வளர்ந்துவருங்கால், பரஞ்சோதி முனிவரால் உபதேசம் பெற்று, மெய்கண்டார் என்னும் திருப்பெயருடன் சிவஞானபோதத்தை அருளிற்று என்பது சைவமரபு போற்றும் வரலாறு.

சகலாகம பண்டிதருடைய மாணாக்கர் பலர் மெய்கண்டாரை அடைந்து பாடங் கேட்கத் தொடங்கினர். அதனைப் பொறாது, பண்டிதர் தாமே வெண்ணெய்நல்லூருக்குச் சென்றார். ஆண்டு மெய்கண்டார் ஆணவமலத்தின் இயல்பை விளக்கிக்கொண்டிருந்தார். வந்த குலகுருவை எழுந்து எதிர்கொள்ளவில்லை. சினங்கொண்ட பண்டிதர், ‘ஆணவமாவது யாது? அதன் வடிவினைக் காட்டுக’ என்று வினாவினார். மெய்கண்டார் வாய்திறந்து யாதும் கூறாது, வினாவி நின்ற அவரையே சுட்டிக் காட்டினார். அந்நொடியில் பண்டிதர் தம் நிலையைத் தாமே கண்டார். அடியில் வீழ்ந்து வணங்கினார். அருணந்தி என்னும் தீக்கைத் திருநாமமும் பெற்றார். மெய்கண்டாருடைய மாணாக்கர் நாற்பத்தொன்பதின்மருள் முதல்வராக எண்ணப்படுபவர் இவரே.

இவ்வரலாறு செருக்கடங்கியதற்குச் சான்றாகப் பலகாலும் எடுத்துக்காட்டப்படும். அதன்கண் உள்ள மற்றொரு நுட்பம் பெரும்பாலும் கருதப்படுவதில்லை. அக்குழந்தை பிறத்தற்கு வழிகாட்டியவர் சகலாகம பண்டிதரே. கயிறு சாத்தித் திருமுறையை எடுத்துரைத்து வெண்காட்டுக்கு ஆற்றுப்படுத்தியவர் அவர். உலகவழக்கு நோக்கின் நன்றி பெறுதற்குரியவர் அவர். நன்றி செலுத்தக் கடவது குழந்தை. பண்டிதர் கொண்ட சினத்திற்கும், எழுந்து எதிர்கொள்ளாமையை அவர் குற்றமாகக் கருதியதற்கும், இக்கடன்முறை உள்ளத்தில் இருந்தமையே காரணமாதல் கூடும். ஆயின் சுட்டிய விரலைக் கண்டவுடன் அக்கணக்குத் தலைகீழாயிற்று. கடன் கொடுத்தவராக வந்தவர் கடன்பட்டவராக நின்றார். தாம் செய்த உதவியை அவர் எண்ணிலர். தமக்குச் செய்யப்பட்ட உதவி ஒன்றனையே எண்ணினார். தாம் பிறர்க்குச் செய்ததனை எண்ணுந்தோறும் ‘யான்’ என்பது வளரும். பிறர் தமக்குச் செய்ததனை எண்ணுந்தோறும் அது தேயும். ஆணவத்தின் வடிவு யாது என்னும் வினாவிற்கு வந்த விடையின் பயன் இது.

இம்மாற்றம் மரபின்கண் நிலைபெற்றமைக்கு ஒரு சொல் சான்று. உமாபதி சிவாசாரியார் தம் சிவப்பிரகாசப் பாயிரத்துள், சிவஞானபோதம் செய்த குருமுதல்வரையும் சிவஞானசித்தி செய்தவரையும் போற்றி, அவ்விரு நூல்களையும் நோக்கியே தம் நூலைச் செய்வதாகக் கூறுகின்றார். ஆண்டு அருணந்தியாரை அவர் குறிக்குஞ் சொல் ‘புதல்வர்’ என்பது. ஆண்டில் மூத்தவர், குலகுருவாய் நின்றவர், பிறப்பிற்கு வழிகாட்டியவர், அக்குழந்தைக்கே புதல்வராயினார். ஞானத்தின்கண் பிறப்பித்தவனே தந்தையாகலின் அச்சொல் புனைந்துரையன்று, உண்மையே என்க.

இனி, இந்நிகழ்ச்சிக்கு அடிநிலையாகிய கொள்கையை நோக்குவோர்க்கு நன்றியறிதலின் இயல்பு தெளிவாம். உயிர் அறிவுடைப் பொருளே. ஆயினும் தானே அறியும் பொருளன்று, அறிவிக்க அறியும் பொருள் என்பது சித்தாந்தத்தின் துணிபு. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. எனினும் இருளில் அது காணமாட்டாது. ஒளி கூடியவழியும் உயிர் உடனின்று செலுத்தினாலன்றிக் காணாது. அதுபோல உயிர்க்கு அறியும் ஆற்றல் உண்டு. முதல்வன் உடனின்று அறிவித்தாலன்றி அறியாது. சிவஞானபோதத்துப் 11-ஆம் சூத்திரம் இவ்வுவமையைக் கொண்டே நடக்கின்றது. மேலும் உயிர் சார்ந்ததன் வண்ணமாம் தன்மையது. மலத்தைச் சார்ந்தவழி மலமயமாயும், அருளைச் சார்ந்தவழி அருள்மயமாயும் நிற்கும். ஆகவே பிறிதொன்றனால் அறிவு பெறுதல் உயிர்க்கு இழுக்கன்று, அதன் இயல்பு. ‘யான் பிறரிடம் கற்றிலேன், யானே அறிந்தேன்’ என்பவன் பெருமை பேசியவனல்லன். உயிரின் இலக்கணத்தை அறியாது பிழைபடப் பேசியவனாவன்.

இதனால் நன்றியறிதல் என்பது தன் அறிவு வந்த வழியை உள்ளவாறு அறிதலே என்பது பெறப்படும். அச்சொல்லின் பிற்பகுதி அறிதல் என நிற்பதூஉம் இதற்கு இயைவதாம். நன்றி மறத்தலாவது ஒரு கடனைச் செலுத்தாமை மாத்திரமன்று. உள்ளதனை இல்லதாகக் கருதும் திரிபுணர்வு. அத்திரிபுணர்விற்கு முதற்காரணம் ஆணவமலமேயாகும்.

சிவஞானபோதத்தின் சொல்லாட்சியும் இதனை வலியுறுத்தும். 12 சூத்திரங்களும் 40 அடிகளுமே உடைய அந்நூலில் ஒரு சொல்லும் வாளா நில்லாது. 8-ஆம் சூத்திரம், ஐம்புலன்களாகிய வேடரிடை வளர்ந்து தன்னை மறந்திருந்த உயிர்க்கு, முதல்வன் குருவாய் வந்து அதன் உண்மையை உணர்த்துதலைக் கூறும். அரசன் மகன் வேடரிடை வளர்ந்து தன் குலத்தை அறியாதிருப்ப, தந்தை வந்து ‘நீ என் மகன்’ என்று உணர்த்திய கதையைச் சித்தியார் ஈண்டு விரித்துரைக்கும். உயிரின் மறதியைக் குறிக்க அச்சூத்திரத்துள் வந்த சொல் அயர்தல். 11-ஆம் சூத்திரம் முதல்வன் திருவடியை அடைதற்குரிய அன்பினைக் கூறுமிடத்து, அதற்கு அயராமையை அடையாக்கிற்று. முன்னது மறதியால் நேர்ந்த கட்டு. பின்னது மறவாமையால் எய்தும் வீடு. ஆகலின் மறவாமை வீட்டுநெறிக்குப் புறத்ததோர் ஒழுக்கமன்று; அந்நெறியே அது.

இனி வினைபற்றிய ஐயத்திற்கு விடை கூறப்படும். தான் செய்த வினையின் பயனே தனக்கு வரும் என்பது மெய்யே. ஆயினும் வினை சடப்பொருள். செய்தவன் இவன், செய்யப்பட்டது இது, இதற்குப் பயன் இது என்று அறிந்து தானே சென்று பொருந்தும் அறிவு அதற்கு இல்லை. உயிரும் தன் வினைகள் அனைத்தையும் அறிந்து எடுத்துக்கொள்ளவல்லதன்று. ஆகவே அறிந்து கூட்டுவான் ஒருவன் வேண்டும். மெய்கண்டார் 2-ஆம் சூத்திரத்தின் விளக்கத்துள் இதற்கு வயலை உவமை கூறினார். உழவர் செய்த தொழிலுக்கேற்ப வயல் விளைவு தருவதுபோல, உயிர்கள் செய்த வினைக்கேற்ப முதல்வன் பயன் விளைவிப்பான் என்பது அதன் கருத்து. அவ்விடத்து அவர் முதல்வனைக் குறித்த பெயர் நோக்கத்தக்கது: வள்ளல் என்றார். தன்தன் வினைக்குத் தக்கதே தன்தனக்கு வரும் என்னும் நீதி பேசப்படும் அவ்விடத்திலேயே, அவனை அளந்து கொடுப்பான் என்னாது வள்ளல் என்றமை, வினையும் அருளும் முரணாமையைக் காட்டும். உழவன் விதைத்தான், உண்மை. நிலத்தை அவன் படைத்திலன். மழையை அவன் பெய்வித்திலன். வித்தினுள் முளையை அவன் வைத்திலன். விளைந்த நெல்லைத் தன் உழைப்பின் ஊதியம் என்று கூறும் வாயால் நிலத்தையும் வானையும் வாழ்த்துதலில் முரண் யாதும் இல்லை.

இவ்விரண்டும் ஒருங்கு நிற்றலை 8-ஆம் சூத்திரமே காட்டும். குரு உணர்த்துவது தவத்தினால் என்று அச்சூத்திரம் கூறும். தவம் உயிரினது, உணர்த்துதல் முதல்வனது. தவமின்றிக் குரு வாய்த்தல் இல்லை. தவம் உண்டாயினும் குரு உணர்த்தாது ஞானம் இல்லை. அருணந்தியார் சித்தியார் சுபக்கப் பாயிரத்துள் தம் ஆசிரியரை, உள்ளத்தாமரை மொட்டுக்களை மலர்த்த வந்த கதிரவனாக உருவகித்தமையும் இக்கருத்துப்பற்றியே. முதிராத மொட்டினைக் கதிரவன் மலர்த்துவதில்லை. முதிர்ந்த மொட்டும் கதிரவன் எழாது தானே மலர்வதில்லை. முதிர்ச்சி தனதாயினும், மலர்ச்சிக்கு அது கதிரவனையே நோக்கி நிற்கும். சகலாகம பண்டிதர் பல்லாண்டு கற்ற ஆகமக் கல்வி வீணாயிற்றில்லை. அஃது அவரைப் பக்குவமாக்கிற்று. அக்கல்வி தானே கண்திறப்பியாமையால், மலர்த்திய கதிரவனை அவர் என்றும் போற்றினார். இருபா இருபஃது என்னும் நூல் முழுதும் அப்போற்றுதலோடு கூடிய வினாக்களாகவே அமைந்தது. நன்றியுடைய மாணாக்கன் வினவுதலை ஒழியான் என்பதும் அந்நூலால் விளங்கும்.

உதவி செய்த மக்கள் வாயில்மாத்திரமே எனின், அவர்க்கு நன்றி வேண்டாவோ எனின், அங்ஙனங் கூறற்க. பிறர்க்குச் செய்யும் வழிபாட்டின் பயனையும் அளிப்பவன் முதல்வனே என்பது சித்தியாரின் துணிபு. எல்லாத் தெய்வங்களும் அவன் ஆணைவழி நிற்றலால், யாண்டுச் செய்த பூசையும் அவனையே சாரும் என அந்நூல் நிறுவும். இந்நியாயம் நன்றிக்கும் ஒக்கும். வாயிலைப் போற்றுதல் மனைக்குரியோனைப் போற்றுதலின் வேறன்று. வாயிலை இகழ்ந்து உட்புகுவார் இலர்.

பிறரிடம் கற்றல் எத்துணை அளவும் செல்லும் என்பதற்கும் இவ்வாசிரியர்களே சான்றாவர். சித்தியார் பரபக்கத்துள் உலகாயதர் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாக 14 மதத்தார் கொள்கைகள் எடுத்துக் கூறி மறுக்கப்படுகின்றன. ஒவ்வொருவர் கொள்கையும் முதற்கண் அவரவர் கூற்றாகவே வகுத்துரைக்கப்பட்டு, அதன் பின்னரே மறுப்புக் கூறப்படும். மறுத்தற்பொருட்டாயினும் பிறன் கூற்றைப் பொறுமையோடு கேட்டுப் பயின்றவர்க்கே இஃது இயலும். ஆசீவகர் கொள்கையைப் பற்றித் தமிழில் எஞ்சிநிற்கும் சான்றுகளுள் மணிமேகலை, நீலகேசி என்பவற்றோடு பரபக்கமும் ஒன்றாக ஆராய்ச்சியாளரால் கொள்ளப்படுகின்றது. எதிர்வாதியினிடத்தும் கற்கத் தகுவது உண்டு என்பது இதனாற் போதரும்.

உமாபதி சிவாசாரியார் வரலாறும் இதனையே கூறும். தில்லைவாழந்தணருள் ஒருவராகிய அவர், தீவட்டி முதலிய வரிசைகளோடு பகற்பொழுதிற் சிவிகை ஊர்ந்து செல்லுங்கால், வழியில் நின்ற மறைஞானசம்பந்தர் அதனைக் கண்டு, பட்ட மரத்தின்மேற் பகற்குருடு செல்கின்றது என்னும் கருத்துப்படக் கூறினார். பிறராயின் ஏவலரை விட்டு அவரை அகற்றியிருப்பர். உமாபதியார் அச்சொல்லைத் தமக்கு அளிக்கப்பட்ட கொடையாகக் கொண்டு, சிவிகையினின்றும் இழிந்து அவரைப் பின்தொடர்ந்தார். நெசவாளர் தெருவில் பாவுக்கு வைத்திருந்த கூழை மறைஞானசம்பந்தர் கைகளில் ஏற்றுப் பருக, முழங்கை வழியே ஒழுகியதனை உமாபதியார் ஏந்திப் பருகினார் என்பர். இதன் பயனாக அவர் தம் இனத்தாரால் ஒதுக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் வாழலாயினார். சிவிகையும் தீவட்டியும் பேறு என்று உலகம் கொண்டது. இகழ்ச்சிபோல வந்த ஒரு சொல்லே பேறு என்று அவர் கொண்டார். எது தன் நற்பேறு என்று அறிதலே நன்றியறிதலின் முதற்படி. அதனைப் பிறழ அறிந்தவன் நன்றியையும் பிறழவே செலுத்துவான்.

நன்றிக்கு எல்லையும் உண்டு. வள்ளுவனார் செய்ந்நன்றியறிதலை அடுத்து நடுவுநிலைமையை வைத்தார். நன்றி செய்தார்மாட்டு நடுவுநிலை சிதைதல் கூடுமாகலின், ஆண்டும் சிதையலாகாது என்றற்கு அம்முறை வைக்கப்பட்டது எனப் பரிமேலழகர் விளக்கினார். சாத்திரத்திலும் இந்நிலை காக்கப்பட்டது. தம் முன்னோர் இருவர் நூல்களையும் அடிபோற்றி ஏற்ற உமாபதியாரே, பழையன என்பதுபற்றி யாவும் நல்லனவாகா, புதியன என்பதுபற்றி யாவும் தீயனவாகா என்னும் கருத்தினை அச்சிவப்பிரகாசத்துள் அமைத்தார். சக ஆண்டு 1235-இல், அஃதாவது கி.பி. 1313-இல், செய்த சங்கற்பநிராகரணத்துள் சைவத்தின் அகத்தே நிற்கும் மதங்களையும் அவர் ஆராய்ந்து மறுத்தார். முன்னோர்க்கு நன்றியுடைமை ஆராய்ச்சியை விலக்குவதன்று. அவர் காட்டிய உண்மைக்கு வழுவாது நிற்பதே அவர்க்குச் செய்யும் நன்றியாம்.

அற்றேல், பெற்ற பேற்றிற்குக் கைம்மாறு யாது? முதல்வன் குறைவிலா நிறைவினன் ஆகலின் அவனுக்கு வேண்டப்படுவது ஒன்றில்லை. உயிர் தரக்கூடியதும் அவன் தந்ததன்றி வேறில்லை. ஆகவே திருப்பிச் செலுத்துதல் என்னும் பொருளில் கைம்மாறு இல்லை. மனவாசகங் கடந்தார் உண்மை விளக்கத்தை மாணாக்கன் வினாவாகவும் ஆசிரியன் விடையாகவும் அமைத்து, ஈற்றில் தாம் வாழ்வுபெற்றமையைக் கூறும் மகிழ்ச்சியுரையோடு முடித்தார். பெற்றேன் என்று உணர்தலும், பெற்றதனைப் பின்வருவார்க்கு உரைத்து நூலாக்கி வைத்தலுமே அவர் செய்த கைம்மாறு. ஏடுகள் செல்லரித்து அழியுந்தோறும் அவற்றைப் பெயர்த்தெழுதி வைத்த பெயர் தெரியாதோர் பலரும் செய்தது அதுவே. அவருள் ஒருவர் கை ஓய்ந்திருப்பினும் இந்நூல்களுள் யாதானும் ஒன்று இன்று கற்பார் கையை எய்தாதொழிந்திருக்கும்.

முடிவாக ஒரு கருத்து நோக்கற்பாலது. 12-ஆம் சூத்திரம் சீவன்முத்தர் ஒழுக்கத்தைக் கூறுவது. மலம் கழுவப்பெற்ற அவர்க்கும் அன்பரொடு கூடியிருத்தல் ஆண்டு விதிக்கப்பட்டது. அன்பரல்லாதார் கூட்டம் மறதியைத் தந்து மீண்டும் மலத்தில் வீழ்த்தும் என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். பிறர் துணை வேண்டாத நிலை ஞானிக்கும் இல்லை என்பது இதனால் விளங்கும். அச்சூத்திரத்து விளக்கத்துள் மெய்கண்டார் மேலும் ஒன்று கூறினார். உயிர்க்குத் தன்னை உணர்த்தித் தன் நிலைக்கு அதனை உயர்த்திய முதல்வனை, அந்நிலை எய்திய பின்னர் மறந்துவிடுதல் குற்றம். உயர்த்தப்பட்டவிடத்தும் தெய்வம் தெய்வமே. தொழுதலே உயிர்க்கு வலிமை என்பது அவர் உரைத்ததன் கருத்து. கடனாயின் வீட்டின்கண் அது தீர்ந்திருக்கும். தீராமையே அது கடனன்று, உயிரின் மெய்யுணர்வு என்பதற்குச் சான்று.

வெண்ணெய்நல்லூரில் வினாவி நின்றவரைச் சுட்டிய விரல் இன்றும் சாத்திரம் பயில்வார் ஒவ்வொருவரையும் சுட்டியே நிற்கின்றது. தாம் கற்றவற்றுள் எத்துணை தம்முடையது என்று ஒருவர் எண்ணத் தொடங்கின், ஆசிரியர் தந்தது, நூலோர் தந்தது, மாறுபட்டு வாதித்தோர் தந்தது, பெற்றோர் தந்தது என ஒவ்வொன்றாகக் கழிந்துபோகும். எல்லாம் கழிந்தபின் எஞ்சுவது பெற்றுக்கொள்ளும் தகுதி ஒன்றே. அத்தகுதியையும் தந்தவன் ஒருவன் உளன் என்று உணர்ந்த உள்ளத்தின்கண் ஆணவம் நிற்றற்கு இடமில்லை.